பிழை செய்தவரையும் பிழை பிறந்த இடத்தையும் பார்க்கும் படிப்பு: உளவியலின் கிளைகளும் அவை தரும் பணிகளும்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ விமானங்களில் ஒரே மாதிரியான விபத்து திரும்பத் திரும்ப நடந்தது. பத்திரமாகத் தரையிறங்கிய பி-17 குண்டுவீச்சு விமானம், ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரங்கள் மடங்கி வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு நிற்கும். இறங்கியபின் இறக்கைகளின் பின்விளிம்பில் உள்ள தகடுகளை மடக்க வேண்டிய விமானி, அதற்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கியிருப்பார். விபத்து அறிக்கையில் 'விமானியின் தவறு' என்று எழுதப்படும். இதை ஆராய வந்த அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற இளம் உளவியலாளர் விமானி அறையைக் கவனித்தார். சக்கரங்களுக்கான விசையும் தகடுகளுக்கான விசையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தொட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. இந்த இரண்டு விசைகளும் வேறு விதமாக அமைந்திருந்த மற்ற விமானங்களில் இந்த விபத்து நடக்கவில்லை. களைத்துப்போய்த் திரும்பிய மனிதனின் கை, கண்ணின் துணையில்லாமல் தேடும்போது எதைப் பிடிக்கும் என்பது அந்த அமைப்பிலேயே தீர்மானமாகியிருந்தது. சக்கர விசையின் முனையில் ஒரு சிறு ரப்பர் சக்கரத்தையும், தகடுகளின் விசையில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றையும் அவர் பொருத்தச் செய்தார். இன்றைய பயணிகள் விமானங்களிலும் சக்கரத்தை இயக்கும் கைப்பிடியின் முனை சக்கர வடிவில்தான் இருக்கிறது.

உளவியல் படித்தால் என்ன வேலைக்குப் போகலாம் என்று கேட்பவர்களின் மனத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு காட்சிதான் இருக்கிறது: எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், ஒருவர் பேசுகிறார், மற்றவர் கேட்கிறார். அந்தக் காட்சியில் தவறில்லை, ஏனெனில் இந்தத் துறையில் பணியாற்றுவோரில் பெரும் பகுதியினர் அப்படித்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் சப்பானிஸும் உளவியலாளரே. 1892-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க உளவியல் கழகத்தில் இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகள் உள்ளன. அவற்றின் பெயர்களை மனப்பாடம் செய்வதால் மாணவர் எவருக்கும் வழி தெரிந்துவிடாது. எந்தக் கிளையைப் புரிந்துகொள்வதற்கும், அது எந்த வகையான மனிதப் பிழையின் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறது என்று கேட்பதே எனக்குத் தெரிந்த நல்ல வழி. சோம்பல், மந்தபுத்தி, பிடிவாதம், பொய் என்று முன்பெல்லாம் ஆளின் மேல் சுமத்தப்பட்ட ஏதோ ஒன்றை எடுத்து, அது உண்மையில் எங்கிருந்து பிறக்கிறது என்று அளந்து பார்த்த இடத்தில்தான் இந்தக் கிளைகளில் பலவும் முளைத்திருக்கின்றன. அந்தக் கிளை தரும் வேலையும் நாள்தோறும் அதே தேடல்தான்.

வில்ஹெல்ம் வுண்ட் 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் ஆய்வகம் அமைத்தபோது உளவியல் தத்துவத்திலிருந்து பிரிந்து தனி அறிவியலாக நிற்கத் தொடங்கியது. அங்கே முனைவர் பட்டம் பெற்ற லைட்னர் விட்மர் அமெரிக்காவுக்குத் திரும்பி, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1896-இல் அவரிடம் பயின்ற ஒரு பள்ளி ஆசிரியை, மற்றப் பாடங்களில் தேறினாலும் எழுத்துக்கூட்டி எழுத முடியாமல் திணறிய 14 வயது மாணவன் ஒருவனை அவரிடம் அழைத்துவந்தார். உளவியல் உண்மையான அறிவியலானால் இந்தப் பையனுக்கு அது உதவ வேண்டாமா என்பதே அந்த ஆசிரியை முன்வைத்த கேள்வியின் சாரம். விட்மர் பையனின் கண் பார்வையைச் சோதிக்க ஏற்பாடு செய்தார், கண்ணாடி போடச் செய்தார், அதன் பிறகும் மிஞ்சிய குறையைப் போக்கத் தனிப் பயிற்சி கொடுத்தார். உலகின் முதல் உளவியல் மருத்துவகம் என்று கருதப்படும் அமைப்பு அப்படித்தான் தொடங்கியது. 'மருத்துவ உளவியல்' என்ற பெயரையும் பின்னர் அவரே சூட்டினார்.

மருத்துவ உளவியலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உளவியல் படிக்க வருபவர்களில் பலர் இதை எண்ணித்தான் வருகிறார்கள், இதைப் பற்றித்தான் தவறான எண்ணங்களும் மிகுதி. மனநல மருத்துவர் மருத்துவப் பட்டம் பெற்று, அதன் மேல் மனநோய் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். மருந்து எழுதித் தருவது அவர் பணி. மருத்துவ உளவியலாளர் உளவியலில் உயர்கல்வியும் மேற்பார்வையின் கீழ் நீண்ட பயிற்சியும் பெற்றவர். ஒரு சில இடங்களைத் தவிர அவருக்கு மருந்து எழுதும் உரிமை கிடையாது. மதிப்பீடும் பேச்சுவழிச் சிகிச்சையும் அவருடைய கருவிகள். இருவரும் ஒரே நோயாளிக்காகச் சேர்ந்து வேலை செய்வது வழக்கமான நடைமுறை.

சிகிச்சை என்றால் ஆறுதல் சொல்வது என்று நினைப்பவர்களுக்காக ஒரு சிகிச்சையை அருகில் சென்று பார்க்கலாம். மின்தூக்கியில் ஏறவே அஞ்சும் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பயத்தை உண்டாக்கும் சூழல்களை எல்லாம் அவரையே பட்டியலிடச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் கொடுக்கச் சொல்கிறார் உளவியலாளர். மின்தூக்கியின் படத்தைப் பார்ப்பதற்கு 15, மூடிய கதவின் முன் நிற்பதற்கு 30, உள்ளே கால் வைத்துக் கதவு மூடுமுன் வெளியே வருவதற்கு 55, துணையோடு ஒரு மாடி ஏறுவதற்கு 75, தனியாகப் பத்து மாடி ஏறுவதற்கு 100. கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாகத் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு படியிலும் பயம் ஏறும். ஓடிவிடாமல் அங்கேயே நின்றால், கொஞ்ச நேரத்தில் அது தானாகவே இறங்கும். பாதியில் வெளியேறிவிட்டால், தப்பித்ததால்தான் பிழைத்தேன் என்ற பாடமே மனத்தில் பதியும். நின்று பார்த்தவருக்கோ, அஞ்சியது நடக்கவில்லை என்ற புதிய பாடம் கிடைக்கும். மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப்பி 1958-இல் படிப்படியான அச்சநீக்கத்தை முறைப்படுத்தியபோது தளர்வுப் பயிற்சியையும் உடன் சேர்த்திருந்தார். அது இல்லாமலே இந்த அணுகுமுறை பலன் தரும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. இந்த வழக்கில் உளவியலாளரின் திறமை எதில் இருக்கிறது என்றால், எந்தப் படியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், நோயாளி எதைச் சாக்காக்கி மெல்ல நழுவுகிறார், பட்டியலில் எந்தப் படி விடுபட்டிருக்கிறது என்பவற்றைக் கண்டுகொள்வதில் இருக்கிறது. ஆரன் பெக் 1960-களில் மனச்சோர்வு நோயாளிகளிடம் தாமாக எழும் எதிர்மறை எண்ணங்களைக் கவனித்து உருவாக்கிய சிகிச்சையும் இதைப் போலவே, எண்ணத்தை எழுதிவைத்து, சான்றோடு ஒப்பிட்டு, வீட்டுப்பாடமாகச் சோதித்துப் பார்க்கும், உழைப்பைக் கேட்கும் சிகிச்சைதான்.

ஆற்றுப்படுத்தல் உளவியல் இதற்கு அண்டை வீடு. நோய் என்ற பெயர் சூட்டத் தேவையில்லாத துயரங்கள், அதாவது இழப்பு, மணமுறிவு, வேலை மாற்றம், படிப்பில் தடுமாற்றம் போன்றவை அதன் பரப்பு. கார்ல் ரோஜர்ஸ் வலியுறுத்திய நிபந்தனையற்ற மதிப்பும் உண்மையான பரிவும் அதன் அடித்தளம். நடைமுறையில் இரண்டு கிளைகளுக்கும் இடையிலான வேலி பல இடங்களில் தாழ்வாகவே இருக்கிறது. இரண்டிலும் புகுபவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு: மேற்பார்வையாளரிடம் தம் வழக்குகளைத் தொடர்ந்து எடுத்துச்சென்று பேசுவது கற்கும் பருவத்தோடு முடிவதில்லை. நாள் முழுவதும் பிறர் துயரைக் கேட்டு வாழ்பவருக்கு அந்த மேற்பார்வை தொழிலின் ஒரு பகுதி. பிறருக்கு அறிவுரை சொல்வது எனக்குப் பிடிக்கும் என்று சொல்லி இந்தப் பணிக்கு வருபவர் ஏமாற்றம் அடைவார். இங்கே அறிவுரைக்கு உள்ள இடம் மிகச் சிறியது.

மூளைக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயும் நரம்பு உளவியலுக்கு வருவோம். 1953-இல், கடுமையான வலிப்பு நோயால் அவதிப்பட்ட 27 வயது ஹென்றி மொலைசனின் மூளையில் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் என்னும் உட்பகுதியின் பெரும் பாகத்தை அறுவை மருத்துவர் அகற்றினார். வலிப்பு குறைந்தது, ஆனால் அதன் பிறகு நிகழ்ந்த எதையும் அவரால் நினைவில் தக்கவைக்க முடியவில்லை. நரம்பு உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம் ஒரு பயிற்சியைக் கொடுத்தார்: கையை நேராகப் பார்க்காமல், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, நட்சத்திர வடிவின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலால் வரைய வேண்டும். மூன்று நாட்களில் மொலைசனின் கை நன்றாகத் தேறியது. ஒவ்வொரு நாளும், இப்படி ஒன்றை முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. நினைவு என்பது ஒரே பண்டகசாலை என்ற எண்ணம் அங்கே உடைந்தது. கை கற்பதும் மனம் நினைவுகூர்வதும் மூளையின் வெவ்வேறு அமைப்புகளைச் சார்ந்தவை என்பது தெளிவானது. தன் பெயர் வெளியில் தெரியாமலே, தான் செய்வது நினைவிலும் நில்லாமல், ஐந்து தசாப்தங்களுக்கு மேல் ஆய்வாளர்களோடு பொறுமையாக ஒத்துழைத்து 2008-இல் மறைந்த அந்த மனிதருக்கு இந்தத் துறை பட்டிருக்கும் கடன் பெரிது.

இன்று நரம்பு உளவியலாளர்கள் பக்கவாதம், தலைக்காயம், மறதிநோய் ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவர்களோடு மருத்துவமனைகளிலும் மறுவாழ்வு மையங்களிலும் பணியாற்றுகிறார்கள். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொல்வது அவர்களுடைய எளிய சோதனைகளில் ஒன்று. மூளையின் வலப்பகுதி பாதிக்கப்பட்ட சிலர் வட்டத்தை ஒழுங்காக வரைந்துவிட்டு, பன்னிரண்டு எண்களையும் வலப்பக்கத்திலேயே நெருக்கி எழுதிவிடுவார்கள். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர்கள் கவனத்துக்கு வருவதில்லை. இதே காரணத்தால் தட்டின் இடப்பாதி உணவை மிச்சம் வைக்கும் முதியவர் அடம்பிடிக்கவில்லை என்பதை வீட்டாருக்கு விளக்குவதும், அவர் மீண்டும் வாகனம் ஓட்டலாமா, தனியாக வாழ முடியுமா என்று கருத்துச் சொல்வதும் இந்தப் பணியில் அடங்கும். வலிப்பு அறுவைக்கு முன் நோயாளியின் மொழியும் நினைவும் எந்த அளவில் இருக்கின்றன என்று அளந்து கொடுப்பவர்களும் இவர்களே.

குழந்தைகளைப் பற்றிய இரண்டு கிளைகளை, அதாவது வளர்ச்சி உளவியலையும் கல்வி உளவியலையும், சேர்த்தே பார்க்கலாம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பிரிட்டனின் பல மருத்துவமனைகளில், அனுமதிக்கப்பட்ட குழந்தையைப் பெற்றோர் பார்ப்பதற்கு மிகக் குறைந்த நேரமே அளிக்கப்பட்டது. முதல் நாட்களில் அழுது தீர்க்கும் குழந்தை பிறகு அமைதியாகிவிடுவதைப் பழகிவிட்டதற்கான அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். மனநல மருத்துவர் ஜான் பவுல்பியோடு பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், இரண்டு வயதுக் குழந்தை ஒன்று மருத்துவமனையில் கழித்த நாட்களைப் படம்பிடித்து 1952-இல் மருத்துவர்களுக்குத் திரையிட்டுக் காட்டினார். அந்த அமைதி பழக்கத்தின் அமைதி இல்லை, நம்பிக்கை இழந்ததன் அமைதி என்பதை அந்தப் படம் காட்டியது. முதலில் மருத்துவர்களில் பலர் சினந்தார்கள். ஆனால் 1959-இல் பிரிட்டிஷ் அரசுக் குழு ஒன்று, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. வளர்ச்சி உளவியல் ஆராய்ச்சிக்கு மட்டுமே பயன்படும் கிளை என்று யாராவது சொன்னால், இந்த ஒரு எடுத்துக்காட்டே எனக்குப் போதும். குழந்தைகள் நலத்துறை, ஆரம்பகாலத் தலையீட்டு மையங்கள், பாடநூல் வடிவமைப்பு, குழந்தைகளுக்கான நிகழ்ச்சித் தயாரிப்பு ஆகியவை இதைப் படித்தவர்கள் செல்லும் இடங்கள். முதுமையை ஆராய்வதும் இதே கிளைதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கல்வி உளவியலின் வரலாற்றில் ஒரு எச்சரிக்கை பொதிந்திருக்கிறது. பாரிஸில் ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோன் இருவரும் 1905-இல் வெளியிட்ட நுண்ணறிவுச் சோதனை, வகுப்பில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதற்காக உருவானது. நுண்ணறிவு மாறாத ஓர் அளவு என்ற கருத்தைப் பினே வெளிப்படையாக எதிர்த்தார். அவர் 1911-இல் இறந்தபின் அந்தச் சோதனை வேறு கைகளுக்குப் போய், மனிதர்களைத் தரம்பிரித்து ஒதுக்கும் கருவியாகவும் பயன்பட்டது. 1917-18-இல் அமெரிக்க ராணுவம் ஏறத்தாழ 17 லட்சம் பேருக்கு நடத்திய குழுச் சோதனைகளில், அமெரிக்க வாழ்க்கையோடு பழக்கம் இருந்தால்தான் விடை தெரியும் கேள்விகள் பல இருந்தன. புதிதாகக் குடியேறியவர்கள் பெற்ற குறைந்த மதிப்பெண்கள் அவர்களுடைய அறிவின் அளவாக எடுத்துக்கொள்ளப்பட்டன. உதவி செய்யப் பிறந்த ஓர் அளவுகோல், பழியை ஆளின் மேல் ஏற்றும் கருவியாக மாறிய கதை இது. சோதனைத்தாளைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு பள்ளி உளவியலாளரும் இதை அறிந்திருக்க வேண்டும். அவருடைய வேலை மதிப்பெண் போடுவதோடு நிற்பதில்லை: வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து குழந்தையைக் கவனிக்கிறார், ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் பேசுகிறார், எழுத்தை ஒலியோடு இணைப்பதில் சிக்கலா, காதில் குறையா, கவனத்தில் குறையா, அல்லது வீட்டில் நடக்கும் ஏதோ ஒன்றா என்று பிரித்தறிகிறார், பின்பு ஆசிரியர் திங்கட்கிழமை காலையிலிருந்தே செய்யக்கூடிய சில செயல்களை எழுதித் தருகிறார்.

எப்படிப் படித்தால் நிற்கும் என்பதும் கல்வி உளவியலின் கேள்விதான். ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-இல் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறந்துபோகிறோம் என்று முதன்முதலில் அளந்தார். 2006-இல் ரோடிகர், கார்பிக் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, மீண்டும் படிக்காமல் புத்தகத்தை மூடிவிட்டு நினைவுகூர்ந்து எழுதியவர்கள் 56 சதவீதமும், மீண்டும் படித்தவர்கள் 42 சதவீதமும் நினைவில் வைத்திருந்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தும் மறந்துபோகிறது என்று தன் மூளையைக் குறைசொல்லும் மாணவரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இது. பாடத்திட்டம் வகுப்போரும் இணையவழிக் கற்றல் நிறுவனங்களில் பணியாற்றுவோரும் இத்தகைய முடிவுகளை நம்பித்தான் வேலை செய்கிறார்கள்.

சப்பானிஸின் விசைகள், கவனம், நினைவு, சிந்தனை ஆகியவற்றை ஆராயும் அறிவாற்றல் உளவியலும் பொறியியலும் சந்திக்கும் இடத்தைச் சேர்ந்தவை. அதே போர்க் காலத்தில், ரேடார் திரையை உற்றுப் பார்ப்பவர்கள் நேரம் செல்லச் செல்லப் புள்ளிகளைத் தவறவிடுவது ஏன் என்று கேம்பிரிட்ஜில் நார்மன் மாக்வொர்த் ஆராய்ந்தார். சீராகத் தாவிச்செல்லும் கடிகார முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டவுடன் விசையை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் நீளும் அந்தக் காவலில், முதல் அரைமணிக்குப் பிறகே கண்டுபிடிக்கும் திறன் தெளிவாகச் சரிந்தது. பொறுப்பில்லாதவர் என்று ஒரு காவலரைத் தண்டிப்பதால் இது தீராது. பணிமுறையை மாற்றினால்தான் தீரும். விமான நிலையத்தில் பயணப்பெட்டிகளின் ஊடுகதிர்ப் படங்களைப் பார்ப்பவர்கள், அணுமின் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் எச்சரிக்கை ஒலிகளுக்கு நடுவே இருக்கும் செவிலியர்கள் ஆகியோரின் பணிச்சூழலை வடிவமைப்பதில் இந்த அறிவு பயன்படுகிறது. செயலிகளையும் இணையதளங்களையும் மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எந்தப் பொத்தானில் தடுமாறுகிறார்கள் என்று கவனிக்கும் பயனர் அனுபவ ஆய்வாளர் வேலை இதன் இன்றைய முகம். உரிமம் எதுவும் கேட்காத, முதுநிலைப் பட்டத்தோடு, சில வேளைகளில் இளநிலைப் பட்டத்தோடும் செய்துகாட்டிய பணிகளின் நல்ல தொகுப்போடும் நுழையக்கூடிய வேலை என்பதால், சிகிச்சையில் ஆர்வமில்லாத மாணவர்கள் இதைக் கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிறுவன உளவியலும் இதே போன்ற வாய்ப்பைத் தருகிறது. ஹூகோ மூன்ஸ்டர்பெர்க் 1910-களின் தொடக்கத்தில் டிராம் வண்டி ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுக்கச் சோதனை வடிவமைத்த காலம் முதல், யார் எந்த வேலைக்குப் பொருந்துவார் என்பதே இதன் மையக் கேள்வி. இந்தக் கிளை கண்டறிந்தவற்றுள் மிகவும் பயனுள்ளதாக நான் கருதுவது நேர்காணலைப் பற்றியது. மனம்போன போக்கில் பேசி ஆளை எடைபோடும் நேர்காணல், நடத்துபவருக்குத் தரும் நம்பிக்கை மிகுதி, பணியில் ஒருவர் எப்படிச் செயல்படுவார் என்பதைப் பற்றி அது சொல்வது குறைவு. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, எத்தகைய விடைக்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதிவைத்து நடத்தும் நேர்காணல் அதைவிட நன்றாகக் கணிக்கிறது என்பதைப் பல ஆண்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கேள்விகளை எழுதுவதற்கு முன் அந்த வேலையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பகுத்தாய வேண்டும். அதைச் செய்பவர் நிறுவன உளவியலாளர். பயிற்சி, பணிக்களைப்பு, தலைமை, பணியிடப் பாகுபாடு ஆகியவையும் அவர் பொறுப்பில் வருகின்றன.

சட்டமும் உளவியலும் சந்திக்கும் தடயவியல் உளவியலை நாடி வரும் இளைஞர்களிடம் ஒரு உண்மையை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். திரையில் காட்டப்படுவது போலக் குற்றவாளியின் மனத்தைப் படித்து ஆளைச் சுட்டிக்காட்டும் வேலை இந்தத் துறையில் மிகச் சிறிய மூலை. அதன் அறிவியல் அடித்தளமும் வலுவானதில்லை. பெரும்பாலானோர் சிறைகளிலும் பாதுகாப்பான மருத்துவமனைகளிலும் இருக்கிறார்கள்: மீண்டும் குற்றம் செய்யும் ஆபத்தை மதிப்பிடுவது, வன்முறையைக் குறைக்கும் குழுச் சிகிச்சைகளை நடத்துவது, ஒருவர் விசாரணையை எதிர்கொள்ளும் மனநிலையில் இருக்கிறாரா என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை தருவது. இவற்றுக்கு அப்பால் சாட்சியத்தைப் பற்றிய ஆய்வு இருக்கிறது. எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், கார்கள் மோதும் காட்சியைப் பார்த்தவர்களிடம் கேள்வியின் வினைச்சொல்லை மட்டும் மாற்றிக் கேட்டார்கள். 'இடித்தபோது' என்ன வேகம் என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 34 மைல் என்றார்கள். 'மோதி நொறுங்கியபோது' என்று கேட்கப்பட்டவர்கள் 40.8 மைல் என்றார்கள். ஆய்வின் இரண்டாம் பகுதியில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, முதல் வகையில் 50 பேரில் 7 பேரும், இரண்டாம் வகையில் 50 பேரில் 16 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் கண்ணாடி எதுவும் உடையவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை; கேள்வி அவர்களுடைய நினைவுக்குள் புகுந்துவிட்டது. அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் குற்றமற்றவர்கள் என்று பின்னர் நிரூபிக்கப்பட்டவர்களின் வழக்குகளில் பெரும்பாலானவற்றில் நேரில் பார்த்த சாட்சியின் தவறான அடையாளம் காட்டல் இடம்பெற்றிருந்தது. அடையாள அணிவகுப்பை நடத்தும் அதிகாரிக்கே சந்தேக நபர் யார் என்று தெரியாமல் இருக்க வேண்டும் என்ற விதி, இந்த ஆய்வுகளின் வழியே பல இடங்களில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரு விதி, ஓர் உயிர் என்று எண்ணிப் பார்த்தால் இந்த வேலையின் கனம் புரியும்.

சமூக உளவியல் பட்டம் நேரடியாக ஒரு பதவிப் பெயரைத் தருவதில்லை. ஆனால் விளம்பரம், சந்தை ஆய்வு, பொதுச் சுகாதாரப் பரப்புரை, அரசுக் கொள்கை எல்லாம் அதன் சிந்தனையைப் பயன்படுத்துகின்றன. யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்தி 1963-இல் வெளியிட்ட சோதனையில், 40 பேரில் 26 பேர் ஆய்வாளரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, அடுத்த அறையில் இருந்தவருக்கு 450 வோல்ட் வரை மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பி விசையை அழுத்தினார்கள். அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதி அதே ஆய்வு வரிசையில் இருக்கிறது: பாதிக்கப்படுபவரை அதே அறையில் உட்காரவைத்தபோதும், ஆய்வாளர் தொலைபேசியில் மட்டும் கட்டளையிட்டபோதும் கீழ்ப்படிந்தவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆட்கள் ஒரே வகையினர்தான், அறையின் அமைப்பு மாறியது. இந்தச் சோதனை எழுப்பிய அறச்சிக்கல்கள், பங்கேற்பாளரின் ஒப்புதல் பற்றிய இன்றைய கடுமையான விதிகள் உருவாகக் காரணமாயிருந்தவற்றுள் ஒன்று.

உடல்நல உளவியல் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாத நோயாளி, புகையை விட முடியாதவர், தீராத வலியோடு வாழ்பவர் ஆகியோரிடம் பணி செய்கிறது. 'இனி ஒழுங்காக மாத்திரை போடுவேன்' என்ற உறுதியைவிட, 'இரவில் பல் துலக்கி முடித்தவுடன், குழாயை மூடும் கையாலேயே மாத்திரைப் பெட்டியைத் திறப்பேன்' என்று இடத்தையும் நேரத்தையும் கட்டிய திட்டம் பலன் தருகிறது என்பது பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகளிலிருந்து வந்த எளிய, மதிப்புமிக்க செய்தி. விளையாட்டு உளவியலில் முழுநேர வேலைகள் குறைவு. ஆர்வம் உள்ளவர்கள் அதை இன்னொரு கிளையோடு சேர்த்துப் படிப்பது நல்லது.

எந்தக் கிளைக்குப் போனாலும் புள்ளியியலிலிருந்து தப்ப முடியாது. 2015-இல் வெளியான ஒரு பெரிய கூட்டு முயற்சி, உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க முடிவை, அதாவது தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாத முடிவைக் காட்டியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 சதவீதமே காட்டின. அதன் பிறகு, கருதுகோளையும் பகுப்பாய்வு முறையையும் ஆய்வுக்கு முன்பே பதிவுசெய்வதும் தரவுகளைப் பொதுவில் வைப்பதும் பரவலாயின. இந்தத் துறை தன் பிழை பிறந்த இடத்தையும் தேடிப் பார்த்திருக்கிறது என்பதால் இதன் மேல் என் மதிப்பு கூடியிருக்கிறது. படிக்க வருபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நடைமுறை சார்ந்தது: ஒரு சோதனை நம்பகமானதா, அது அளப்பதாகச் சொல்வதைத்தான் அளக்கிறதா, யாரிடம் திரட்டிய தரவை வைத்து யாருக்குத் தீர்ப்பு எழுதுகிறோம் என்று கேட்கும் பழக்கம் இல்லாதவர், சிகிச்சை அறையிலும் தீங்கு செய்வார், மனிதவளத் துறையிலும் தீங்கு செய்வார்.

இளநிலைப் பட்டம் மட்டும் பெற்றவர் உளவியலாளர் என்ற பெயரில் சிகிச்சை அளிக்கத் தகுதி பெறுவதில்லை. மனிதவளம், சந்தை ஆய்வு, சமூகப் பணி, தரவுப் பகுப்பாய்வு, ஆசிரியப் பணி ஆகியவற்றுக்கு அது நல்ல அடித்தளம். சிகிச்சை சார்ந்த கிளைகளுக்கு அது தொடக்கம் மட்டுமே. அமெரிக்காவில் உரிமம் பெற்ற உளவியலாளராகப் பொதுவாக முனைவர் பட்டமும் மேற்பார்வையில் பணியாற்றிய மணிநேரங்களும் தேவை. பிரிட்டனில் 'உளவியலாளர்' என்ற வெறும் சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது, 'மருத்துவ உளவியலாளர்', 'தடயவியல் உளவியலாளர்' போன்ற அடைமொழி சேர்ந்த பெயர்களுக்கே உண்டு. விதிகள் நாட்டுக்கு நாடு மாறுவதால், ஒரு படிப்பில் சேர்வதற்கு முன் அதன் விளம்பரத்தாளை ஒதுக்கிவைத்துவிட்டு மூன்று விவரங்களை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்: எந்த ஒழுங்குமுறை அமைப்பு இதை அங்கீகரித்திருக்கிறது, மேற்பார்வையோடு நேரடிப் பயிற்சி எத்தனை மணிநேரம், இதை முடித்தவர் சட்டப்படி எந்தப் பெயரைத் தன் பலகையில் எழுதிக்கொள்ளலாம். மூன்றாவது கேள்விக்குத் தெளிவான விடை வராத படிப்பில் சேர்ந்து, இரண்டு மூன்று ஆண்டுகளையும் சேமிப்பையும் செலவழித்தபின், உரிமம் பெற மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை விசாரிக்காமல் சேர்ந்தவர்கள் என்று குறைசொல்வது எளிது. ஆனால் சேர்க்கைப் படிவத்திலேயே அந்த விடை அச்சாகியிருக்க வேண்டும்.